கல்லுக்குள் தார்!

வெயிலில் உருகாத ரோடு போட வழி உண்டா?

சித்திரை மாத வெயிலில் தார் ரோட்டில் நடந்தால் சில இடங்களில் செருப்பு ஒட்டிக் கொள்ளும். காலைத் தூக்கினால் கால் மட்டும் வரும். செருப்பு ரோட்டிலேயே நிற்கும்.

அதே ரோட்டை ஐப்பசி மழைக்குப் பிறகு போய்ப் பாருங்கள். குண்டும் குழியுமாக இருக்கும். ஜல்லி ஒரு பக்கம் கிடக்கும். தார் ஒரு பக்கம் கிடக்கும்.

"போன வருஷம்தானே போட்டார்கள்? அதற்குள் பெயர்ந்து விட்டதே!" என்று ஜனங்கள் பேசிக் கொள்வார்கள்.

ரோட்டுக் குழி சிறிய விஷயம் அல்ல. 2017ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ரோட்டுக் குழிகளால் நடந்த விபத்துகளில் 3,597 பேர் இறந்து போனார்கள். இது மத்திய அரசாங்கம் சொன்ன கணக்கு. குழியில் மழைத் தண்ணீர் நிறைந்து விட்டால் அது ஒரு சாண் ஆழமா, ஒரு முழம் ஆழமா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. இரவில் இரண்டு சக்கர வண்டியில் வருகிறவரின் உயிர் அந்த ஆழத்தில் இருக்கிறது.

வெயிலில் உருகக் கூடாது. மழையில் பெயரக் கூடாது. லாரி ஏறினால் அமுங்கக் கூடாது. இப்படி ஒரு தார் கிடைக்குமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். சிலர் பழைய டயரை அரைத்துப் போட்டார்கள். மதுரையில் ஒரு பேராசிரியர் கிழிந்த பிளாஸ்டிக் பையைப் போட்டார். இன்னும் சிலர் மலையை வெட்டி, கல்லுக்குள் இருந்த தாரையே எடுத்தார்கள்!

கல்லுக்குள் தாரா? ஆம். அந்தக் கதைதான் இது.

பொரி உருண்டை

முதலில் தார் என்றால் என்ன என்று பார்ப்போம்.

உண்மையான தார் என்பது நிலக்கரியில் இருந்து கிடைப்பது. நிலக்கரியைச் சுட்டு விளக்கு எரிக்க வாயு எடுத்த காலத்தில் மிஞ்சிய கறுப்புக் குழம்பு அது. இப்போது ரோட்டுக்குப் போடுவது அது அல்ல. பூமிக்கு அடியில் இருந்து எடுக்கும் கச்சா எண்ணெயில் பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எல்லாவற்றையும் பிரித்து எடுத்த பிறகு அடியில் மிஞ்சும் வண்டல்தான் ரோட்டுக்கு வருகிறது. இதற்கு பிட்டுமென் என்று பெயர். தமிழில் நிலக்கீல் என்று எழுதுகிறார்கள். ஆனால் ரோடு போடுகிறவர் தார் என்றுதான் சொல்கிறார். நாமும் அப்படியே சொல்வோம்.

ரோட்டுக் கலவை 100 கிலோ இருந்தால் அதில் தார் எவ்வளவு இருக்கும் தெரியுமா? சுமார் 5 கிலோதான்! மற்றது எல்லாம் ஜல்லியும், பொடிக்கல்லும், கல் தூளும்தான்.

வீட்டில் கார்த்திகைக்குப் பொரி உருண்டை பிடிப்பது உண்டு அல்லவா? ஒரு படி பொரிக்கு வெல்லப் பாகு கொஞ்சம்தான். ஆனால் உருண்டை நிற்பதும் உதிர்வதும் அந்தப் பாகைப் பொறுத்தது. பாகு இளகி இருந்தால் உருண்டை நசுங்கிப் போகும். முற்றி விட்டால் விண்டு போகும். பொரி மேல் தண்ணீர் பட்டு விட்டால் பாகு ஒட்டவே ஒட்டாது.

ரோடும் இப்படித்தான். ஜல்லிதான் பொரி. தார்தான் பாகு.

பாட்டி பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பதம் பார்ப்பாள். என்ஜினீயர் ஊசியால் பதம் பார்க்கிறார். ஒரு சிறிய கிண்ணத்தில் தாரை ஊற்றி 25 டிகிரி சூட்டில் வைப்பார்கள். 100 கிராம் பாரம் உள்ள ஊசியை அதன் மேல் 5 வினாடி நிற்க விடுவார்கள். ஊசி எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று அளப்பார்கள். 6, 7 மில்லி மீட்டர் இறங்கினால் நம் ஊர்ப் பெரிய ரோடுகளுக்கு வெகு காலம் போட்டு வந்த தார் அது.

இன்னொரு சோதனையும் உண்டு. ஒரு சிறிய வளையத்தில் தாரை நிரப்பி, அதன் மேல் 3.5 கிராம் எடை உள்ள இரும்புக் குண்டை வைப்பார்கள். அதைத் தண்ணீரில் வைத்துச் சிறிது சிறிதாகச் சூடு ஏற்றுவார்கள். தார் இளகி, குண்டு கீழே இறங்கும். எத்தனை டிகிரியில் இறங்குகிறது என்பதுதான் கணக்கு.

இப்போது நம் நாட்டில் அதிகமாகப் போடும் தாருக்கு வி.ஜி.-30 என்று பெயர். அதில் குண்டு 47 டிகிரிக்கு முன்னால் இறங்கக் கூடாது என்று சட்டம்.

ஆனால் கோடையில் நடுப்பகலில் ரோட்டின் மேல் சூடு 60 டிகிரியைத் தாண்டி விடுகிறது! குண்டு இறங்கும் சூட்டை ரோடு கோடை நாளில் தினமும் பார்க்கிறது. ஜல்லிகள் ஒன்றை ஒன்று கவ்விப் பிடித்துக் கொண்டு இருப்பதால்தான் ரோடு நிற்கிறது. அந்த நேரத்தில் பாரம் ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே தடத்தில் போனால் என்ன ஆகும்? ரோடு அமுங்கும். சக்கரம் போகிற இடம் வாய்க்கால் மாதிரி ஆகும்.

இது ஒரு நோய். மற்றொரு நோய் இதற்கு நேர் எதிர். வெயிலும் காற்றும் பட்டுப் பட்டுத் தார் வருஷா வருஷம் இறுகிக் கொண்டே போகும். கடைசியில் அது அப்பளம் போல ஆகி விடும். பாரம் ஏறினால் வளையாது. வெடிக்கும்.

மூன்றாவது நோய்தான் நம் ஊரில் பெரிய நோய். அது தண்ணீர். வெடிப்பு வழியாகத் தண்ணீர் உள்ளே போகிறது. கல்லுக்குத் தாரை விடத் தண்ணீர் மேல்தான் ஆசை அதிகம். தண்ணீர் வந்ததும் கல் தாரை விட்டு விட்டுத் தண்ணீரைப் பிடித்துக் கொள்கிறது. கருங்கல் ஜல்லியில் இது அதிகம். தாரை இழந்த ஜல்லி பெயர்ந்து வருகிறது. ஒரு ஜல்லி போனால் பக்கத்து ஜல்லிக்குப் பிடிப்பு இல்லை. குழி பிறந்து விட்டது!

இந்த மூன்று நோய்க்கும் சேர்த்து மருந்து தேடுவதுதான் கஷ்டம். இளகாமல் இருக்க வேண்டும் என்று தாரைக் கெட்டியாக்கினால் அது சீக்கிரம் வெடிக்கும். வெடிக்காமல் இருக்க இளக்கினால் கோடையில் அமுங்கும்.

கறுப்புக் கல்

சுவிட்சர்லாந்து நாட்டில் நூஷாட்டெல் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதில் வால் டி திராவேர் என்ற பள்ளத்தாக்கு. பச்சைப் புல்வெளியும் மாடுகளும் நிறைந்த இடம்.

1711ஆம் ஆண்டு வாக்கில் அங்கே ஒரு வைத்தியர் வந்தார். அவர் பெயர் ஐரினிஸ். கிரேக்க நாட்டுக்காரர். அந்தப் பள்ளத்தாக்கில் கறுப்பாக ஒரு கல் கிடைப்பதை அவர் பார்த்தார். அந்தக் கல்லைச் சூடு பண்ணினால் மணம் வந்தது. பொடிப் பொடியாக உதிர்ந்தது. அந்தப் பொடியைச் சூட்டோடு அமுக்கினால் மறுபடியும் கல் போல ஆனது!

அது என்ன கல்? சாதாரணச் சுண்ணாம்புக் கல்தான். பல லட்சக் கணக்கான வருஷங்களுக்கு முன்னால் பூமிக்கு அடியில் இருந்து எண்ணெய் கசிந்து மேலே வந்திருக்கிறது. சுண்ணாம்புக் கல்லில் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் உண்டு. எண்ணெய் அவற்றில் புகுந்து கொண்டது. எண்ணெயில் இருந்த லேசான பொருள்கள் எல்லாம் காலப் போக்கில் ஆவியாகப் போய் விட்டன. கனமான தார் மட்டும் கல்லுக்குள் தங்கி விட்டது. 100 கிலோ கல்லில் சுமார் 10 கிலோ தார்!

ஐரினிஸ் இதைப் பற்றி 1721ஆம் ஆண்டில் ஒரு சிறிய புத்தகம் எழுதினார். தண்ணீர் ஒழுகாமல் பூசுவதற்கு இது நல்ல காரை என்று சொன்னார். மருந்துக்கும் ஆகும் என்றார். வைத்தியர் அல்லவா! ஆனால் ரோடு போடலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அதற்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. சுரங்கத்தில் இருந்து கறுப்புக் கல்லை வண்டிகளில் ஏற்றிக் கொண்டு போவார்கள். வழியில் துண்டுகள் சிந்தும். வெயிலில் அவை இளகும். பின்னால் வருகிற வண்டிகளின் சக்கரம் அவற்றின் மேல் ஏறி ஏறி நசுக்கும். கொஞ்ச நாளில் அந்த இடம் மட்டும் வழவழ என்று, தூசி இல்லாமல், கெட்டியான பாதையாகி விட்டது.

யாரும் போடாத ரோடு! தானாக உண்டான ரோடு!

1849ஆம் ஆண்டில் இதைக் கவனித்தவர் மெரியன் என்ற சுவிஸ் என்ஜினீயர். எத்தனையோ பேர் அந்த வழியாக நடந்திருப்பார்கள். அவர் ஒருவர்தான் நின்று பார்த்தார்.

1854ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்தில் பெர்ழேர் தெருவில் இந்த வகை ரோட்டைப் போட்டார்கள். கல்லைத் தூளாக்கினார்கள். இரும்புத் தட்டில் வறுத்தார்கள். சூடான தூளைத் தெருவில் பரப்பி, காய்ச்சிய இரும்புத் திமிசால் இடித்து இறுக்கினார்கள். வெளியில் இருந்து ஒரு சொட்டுத் தார் ஊற்றவில்லை. கல்லுக்குள் இருந்த தாரே கல்லை ஒட்டி விட்டது.

1869ஆம் ஆண்டில் லண்டனில் பாங்குகள் நிறைந்த திரெட்நீடில் தெருவுக்கும் இந்தக் கல் போயிற்று. அதுவரை கருங்கல் பாவிய தெருக்களில் குதிரை வண்டிகள் கடகட என்று ஓடும். பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. புதிய ரோட்டில் சத்தம் அடங்கி விட்டது. ஒரு குறை மட்டும் இருந்தது. மழை தூறினால் குதிரைகள் வழுக்கி விழுந்தன. பாவம், குதிரைக்கு ரப்பர் டயர் கிடையாதே!

வால் டி திராவேர் சுரங்கம் 1986ஆம் ஆண்டு வரை நடந்தது. மலைக்குள் சுமார் 100 கிலோ மீட்டர் தூரத்துக்குச் சுரங்கப் பாதை வெட்டி இருக்கிறார்கள். சுமார் 20 லட்சம் டன் கல் வெளியே வந்திருக்கிறது. அது போய்ச் சேர்ந்த ஊர்கள் பல. இப்போது சுரங்கத்தில் வேலை இல்லை. ஒரு பகுதியைச் சுற்றிப் பார்க்க விடுகிறார்கள்.

அங்கே ஒரு வேடிக்கை உண்டு. சுரங்கத் தொழிலாளிகள் வருஷத்துக்கு ஒரு முறை பண்டிகை கொண்டாடுவார்கள். பன்றித் தொடைக் கறியைக் காகிதத்தில் பல சுற்றுச் சுற்றி, காய்ச்சிய தாருக்குள் முக்கிச் சில மணி நேரம் வேக வைப்பார்கள். காகிதத்தைப் பிரித்தால் உள்ளே கறி பக்குவமாக வெந்திருக்கும். தார் உள்ளே போகாது. இன்றும் சுரங்கத்தின் பக்கத்தில் உள்ள ஓட்டலில் அதே சமையல் நடக்கிறது. தண்ணீரை மட்டும் அல்ல, எதையுமே உள்ளே விடாமல் மூடும் தாரின் குணத்துக்கு இதை விட ருசியான சாட்சி கிடையாது.

தார் ஏரி

தார் கல்லில் மட்டும்தான் இருக்கிறதா? இல்லை. ஏரியாகவும் இருக்கிறது!

தென் அமெரிக்காவுக்குப் பக்கத்தில் டிரினிடாட் என்ற தீவு. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த ஊர். தமிழர் உள்பட இந்தியாவில் இருந்து கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் சந்ததியார் இன்றும் அங்கே வாழ்கிறார்கள். அந்தத் தீவில் லா பிரேயா என்ற ஊரில் சுமார் 100 ஏக்கர் பரப்பில் ஒரு தார் ஏரி. ஆழம் நடுவில் சுமார் 250 அடி. அதன் மேல் பெரும்பாலான இடங்களில் மனிதன் நடந்து போகலாம். வெட்டி எடுத்த குழி கொஞ்ச நாளில் தானாகவே நிரம்பிக் கொள்ளும்.

தேன்சிட்டுக் குருவிகளைக் கொன்று தின்ற ஒரு ஜனக் கூட்டத்தின் மேல் தெய்வம் கோபம் கொண்டு, அவர்கள் கிராமத்தைத் தாரில் மூழ்கடித்து விட்டது என்று அந்த ஊர்ப் பூர்வ குடிகள் கதை சொல்வார்கள்.

1595ஆம் ஆண்டில் இங்கிலாந்து மாலுமி சர் வால்டர் ராலே அந்தத் தீவுக்குப் போனார். தன் கப்பலின் பலகை இடுக்குகளில் இந்தத் தாரைப் பூசினார். நார்வே நாட்டுக் கீலைப் போல இது வெயிலில் உருகுவது இல்லை என்று எழுதி வைத்தார்.

பாருங்கள்! ஆய்வுக்கூடம் இல்லை. ஊசி இல்லை. இரும்புக் குண்டு இல்லை. ஆனாலும் இயற்கைத் தாரின் முக்கியமான குணத்தை ஒரு மாலுமி 400 வருஷத்துக்கு முன்னாலேயே சொல்லி விட்டார்.

ஏன் உருகுவது இல்லை? கச்சா எண்ணெயில் இருந்து ஆலையில் எடுக்கும் தாரில் லேசான எண்ணெய்ப் பசை இன்னும் இருக்கிறது. சூடு பட்டால் அது இளகுகிறது. இயற்கைத் தாரில் அந்தப் பசை குறைவு. காலம் அதை எடுத்துப் போய் விட்டது. போதாக் குறைக்கு, மிக நைசான மண் தூள் அதற்குள் ஒன்றோடு ஒன்றாகக் கலந்திருக்கிறது. சுத்தம் செய்த டிரினிடாட் தாரில் பாதிக்குச் சற்று மேல்தான் தார். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூள். அவ்வளவு நெருக்கமாகக் கலக்க மனிதனால் முடியாது.

அமெரிக்க ஜனாதிபதி கிராண்ட் காலத்தில், 1876ஆம் ஆண்டில், வாஷிங்டன் நகரத்தின் பென்சில்வேனியா பெருந்தெருவுக்கு இந்த ஏரித் தாரைப் போட்டார்கள். அதற்குப் பிறகு டிரினிடாட் தாருக்கு உலகம் முழுவதும் கிராக்கி.

பெட்ரோல் மோட்டார் வந்ததும் கதை மாறி விட்டது. எண்ணெய் ஆலைகள் பெருகின. மலிவான தார் மலை மலையாகக் குவிந்தது. கல்லை வெட்டுவானேன், ஏரியைத் தோண்டுவானேன் என்று எல்லாரும் ஆலைத் தாருக்கு மாறினார்கள்.

பிறகு லாரிகள் பெருத்தன. பாரம் கூடியது. ஆலைத் தார் தாங்கவில்லை. அப்போதுதான் பழைய கல்லின் ஞாபகம் வந்தது. முழுவதும் அதையே போட வேண்டாம், ஆலைத் தாரோடு கொஞ்சம் கலந்தால் போதும் என்று கண்டுகொண்டார்கள்.

புட்டோன் தீவு

இன்று கல் தார் என்றால் முதலில் சொல்ல வேண்டியது இந்தோனேஷியாவில் உள்ள புட்டோன் தீவைத்தான். சுலாவெசி என்ற பெரிய தீவுக்குத் தென்கிழக்கில் இருக்கிறது.

டச்சுக்காரர்கள் ஆண்ட காலத்தில், 1920களில், அங்கே கல் வெட்டத் தொடங்கினார்கள். அந்தத் தீவில் 60 கோடி டன்னுக்கு மேல் தார்க் கல் இருக்கிறது என்று மதிப்புப் போட்டிருக்கிறார்கள். 100 கிலோ கல்லில் 10 கிலோவில் இருந்து 40 கிலோ வரை தார் இருக்கும். இடத்துக்கு இடம் குணம் மாறும். கபுங்கா என்ற இடத்துக் கல் வறண்டது, கடினமானது. லாவெலே என்ற இடத்துக் கல் பசையுள்ளது, இளகியது.

இவ்வளவு செல்வம் இருந்தும் இந்தோனேஷியா பல ஆண்டுகளாகத் தாரை வெளிநாட்டில் இருந்து வாங்கி வந்தது! 2022ஆம் ஆண்டில் ஜனாதிபதி ஜோகோ விடோடோ புட்டோன் தீவுக்கே போய், இறக்குமதியை நிறுத்தப் போவதாகச் சொன்னார்.

வீட்டில் நெல் இருக்கக் கடையில் அரிசி வாங்குவானேன்? காரணம் இருக்கிறது.

ஆரம்பத்தில் அவர்கள் கல்லை உடைத்து, எண்ணெயில் ஊற வைத்து, ஜல்லியோடு கலந்து அப்படியே ரோட்டில் போட்டார்கள். கல் துண்டு பெரிதாக இருந்தது. உள்ளே இருந்த தார் முழுவதும் வெளியே வரவில்லை. ஒரு வண்டிக் கல்லில் தார் அதிகம். அடுத்த வண்டிக் கல்லில் குறைவு. சில கல்லில் ஈரம். ஆகவே ரோடு ஓர் இடத்தில் இளகியது. ஓர் இடத்தில் உதிர்ந்தது. புட்டோன் தார் மட்டம் என்று பெயர் கெட்டு விட்டது.

கல்லில் குற்றம் இல்லை. பக்குவத்தில்தான் குற்றம். ஒரே பாத்திரத்தில் ஒரு நாள் ஒரு கைப்பிடி உப்பும், மறுநாள் இரண்டு கைப்பிடி உப்பும் போட்டால் சாம்பாரைக் குறை சொல்லி என்ன பயன்?

பிறகு முறையை மாற்றினார்கள். கல்லை உலர்த்தி, அரைத்து, சலித்து, ஒரே அளவான குருணையாக்கினார்கள். எவ்வளவு தார் இருக்கிறது என்று ஒவ்வொரு தடவையும் அளந்தார்கள். அந்தக் குருணையைக் கலவை ஆலையில் சூடான ஜல்லியோடு சேர்த்து, மேலே ஆலைத் தாரை ஊற்றினார்கள். சூட்டில் கல்லுக்குள் இருக்கும் கடினத் தார் வெளியே வந்து ஆலைத் தாரோடு சேருகிறது. இரண்டும் சேர்ந்து கெட்டிப் பாகு ஆகிறது. மிஞ்சும் சுண்ணாம்புத் தூள் ஜல்லிகளுக்கு இடையில் உள்ள இடைவெளியை அடைக்கிறது.

இப்படிச் செய்த ரோடு வெயிலில் எளிதில் அமுங்குவது இல்லை. கல்லை இறுகப் பிடித்துக் கொள்வதால் தண்ணீருக்கும் சுலபத்தில் இடம் கொடுப்பது இல்லை. சீனாவிலும் சிச்சுவான் மாகாணத்தில் சிங்சுவான் என்ற இடத்தில் இந்த மாதிரிக் கல் கிடைக்கிறது. அதைத் தூளாக்கி ரோட்டுத் தாரோடு கலக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. மருந்தும் அளவுக்கு மிஞ்சக் கூடாது. கல் தாரை அதிகமாகப் போட்டால் ரோடு விறைத்து விடும். பனி பெய்கிற நாட்டில் குளிரில் வெடித்து விடும். ஆகவே எங்கே வெயில் அதிகமோ, பாரம் அதிகமோ அங்கேதான் இது பொருத்தம். பஸ் நிற்கிற இடம், லாரி ஏறுகிற மேடு, துறைமுகத்துக்குப் போகிற ரோடு இவற்றுக்கு நல்லது. விறைப்பைக் குறைக்க, கல் தாரோடு ரப்பரையும் சேர்க்கிறார்கள்.

டயரும் பையும்

ரப்பர் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடலாம். அமெரிக்காவில் பீனிக்ஸ் என்ற ஊர் கொடிய வெயில் அடிக்கும் ஊர். அங்கே சார்லஸ் மெக்டொனால்டு என்ற என்ஜினீயர் 1960களில் பழைய டயரைத் தூளாக்கி, காய்ச்சிய தாரில் போட்டு ஊற வைத்தார். ரப்பர் தாரில் உள்ள எண்ணெயைக் குடித்து ஊதியது. தாருக்கு இழுவைக் குணம் வந்தது. வளைந்து நிமிர்ந்தது. வெடிப்பு குறைந்தது. இப்போது அதற்கென்றே ஆலையில் தயாரிக்கும் ரப்பர் போன்ற ரசாயனப் பொருள்கள் வந்து விட்டன. நல்ல பொருள்தான். விலைதான் கூடுதல்.

விலை இல்லாத ஒரு பொருளை எடுத்தவர் மதுரைக்காரர். தியாகராசர் பொறியியற் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராக இருந்த ஆர். வாசுதேவன்.

குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக் பையும் தாரும் ஒரே வம்சம். இரண்டுக்கும் தாய் கச்சா எண்ணெய்தான். ஆகவே இரண்டும் ஒட்டும் என்று அவர் நினைத்தார். பிளாஸ்டிக்கைத் தாரில் போட்டுக் காய்ச்சுவதை விட, கல்லின் மேல் போடுவது நல்லது என்று கண்டார். இதுதான் அவருடைய முறையின் சூட்சுமம்.

எப்படிச் செய்கிறார்கள்? ஜல்லியைச் சுமார் 160, 170 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். துண்டு துண்டாக நறுக்கிய பிளாஸ்டிக்கை அதன் மேல் தூவுகிறார்கள். அரை நிமிஷத்தில் அது உருகி ஜல்லியின் மேல் மெல்லிய தோல் மாதிரிப் படிந்து விடுகிறது. அதற்குப் பிறகு தாரை ஊற்றுகிறார்கள். கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் இப்போது ஒரு சட்டை இருக்கிறது! தண்ணீர் கல்லைத் தொட முடியவில்லை. முன்னே சொன்ன மூன்றாவது நோய்க்கு இது நேரான மருந்து.

2002ஆம் ஆண்டில் கல்லூரிக்குள்ளேயே முதலில் ரோடு போட்டுப் பார்த்தார்கள். அதே ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஜம்புலிங்கம் தெருவில் பிளாஸ்டிக் ரோடு போட்டார்கள். பல மழைகளும், 2015ஆம் ஆண்டு வெள்ளமும் போன பிறகும் அந்த ரோடு நன்றாக இருந்தது என்று வெளிநாட்டுப் பத்திரிகையே எழுதியது. ஒரு வண்டி போகும் அகலத்தில் ஒரு கிலோ மீட்டர் ரோடு போட்டால் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் அதற்குள் போய் விடும். அந்த அளவுக்குத் தார் மிச்சம்.

2015ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம், 5 லட்சத்துக்கு மேல் ஜனத் தொகை உள்ள நகரங்களைச் சுற்றியுள்ள ரோடுகளுக்கு இந்த முறையைக் கட்டாயம் ஆக்கியது. 2018ஆம் ஆண்டில் வாசுதேவனுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இதிலும் கவனிக்க வேண்டியது உண்டு. எல்லாப் பிளாஸ்டிக்கும் ஆகாது. பி.வி.சி. என்ற வகையைச் சுட்டால் விஷ வாயு வரும். அதைச் சேர்க்கவே கூடாது. ரோடு தேயும்போது பிளாஸ்டிக் துகள் மண்ணிலும் தண்ணீரிலும் கலக்குமா என்று சில விஞ்ஞானிகள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆராய்ச்சி நடந்து கொண்டிருக்கிறது.

எல்லாவற்றிலும் மலிவான மருந்து ஒன்று இருக்கிறது. அது நீர்த்த சுண்ணாம்பு. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அந்தச் சாதிதான். 100 கிலோ ஜல்லிக்கு ஒன்றிரண்டு கிலோ சுண்ணாம்புத் தூள் சேர்த்தால், தார் கல்லை நன்றாகப் பிடிக்கிறது. சுவிட்சர்லாந்துக் கறுப்புக் கல்லில் இயற்கையே இந்தச் சுண்ணாம்பின் தாய்க் கல்லைச் சேர்த்து வைத்திருந்தது!

உங்கள் தெருவில் ரோடு போடும்போது

கல் தார் போட்டாலும், டயர் தூள் போட்டாலும், பிளாஸ்டிக் போட்டாலும் தண்ணீர் தேங்குகிற ரோடு நிற்காது. இதை எல்லா என்ஜினீயர்களும் ஒப்புக் கொள்கிறார்கள். மருந்து எவ்வளவு உயர்ந்ததானாலும் பத்தியம் இருக்க வேண்டும் அல்லவா?

உங்கள் தெருவில் ரோடு போட வந்தால், வாசலில் நின்று சில விஷயங்களைப் பாருங்கள். பார்ப்பதற்குப் படிப்பு வேண்டியது இல்லை.

பழைய ரோட்டின் மேல் இருக்கும் மண்ணையும் தூசியையும் கூட்டித் தள்ளுகிறார்களா? தூசியின் மேல் போட்ட தார், எண்ணெய் வழிகிற முகத்தில் ஒட்டிய சாந்துப் பொட்டு மாதிரி. நிற்காது.

கலவை கொட்டுவதற்கு முன்னால் பழைய ரோட்டின் மேல் மெல்லியதாகத் தார் தெளிக்கிறார்களா? அதுதான் பழையதையும் புதியதையும் ஒட்டும் பசை.

கலவை லாரியில் வந்து இறங்கும்போது ஆவி பறக்கிறதா? வி.ஜி.-30 தார் என்றால் 140 டிகிரிக்குக் குறையாத சூட்டில் பரப்ப வேண்டும். 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். தூரத்தில் இருந்து லாரி வந்து, வழியில் நெரிசலில் நின்று, ஆறிப் போன கலவையை எத்தனை தடவை உருட்டினாலும் அது இறுகாது. உள்ளே காற்று நிற்கும். காற்று நின்ற இடத்தில் பிறகு தண்ணீர் நிற்கும்.

மழை பெய்யும்போது போடுகிறார்களா? அப்படியானால் நிறுத்தச் சொல்லலாம். ஈர ரோட்டில் கலவை கொட்டக் கூடாது என்பது விதி.

கடைசியாக, ரோடு போட்டு முடித்ததும் ஒரு குடம் தண்ணீரை நடு ரோட்டில் ஊற்றிப் பாருங்கள். அது இரண்டு பக்கமும் ஓடிச் சாக்கடைக்குப் போக வேண்டும். நடுவிலேயே நின்றாலும், உங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாலும், ரோலர் தெருவை விட்டுப் போவதற்குள் மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.